பன்னிரண்டு அடித் தோணியும் ஐந்து குறுக்குவெட்டுகளும்

கடந்த ஆவணியில், முத்துப்பேட்டைக் கோரையாற்றுத் துறையில், 12 அடி நீளமுள்ள ஒரு ஃபைபர் தோணியை நீரில் இறக்கினோம். அதன் உடல் வடிவம் முழுவதும் ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளில், குறுக்குவெட்டுகளை இணைத்து மேற்பரப்பாக்கும் லாஃப்ட் என்ற ஒரே கட்டளையைக் கொண்டு வரையப்பட்டது. கட்டளையை அழுத்த ஒரு நொடி போதும். அது என் சொல்லைக் கேட்க ஐந்து மாதங்களும், வீணாய்ப்போன ஒரு ப்ளைவுட் பலகையும், ஓர் ஆசாரியின் மூங்கில் பிளாச்சும் தேவைப்பட்டன. செய்த தவறுகளை மறப்பதற்கு முன் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

என் மாமா லகூனில், அதாவது கடலோர உப்பங்கழியில், வலை போடுபவர். அவருடைய பழைய மரத்தோணியின் மீது, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கொல்லைத் தென்னை ஒன்று சாய்ந்தது. பழுது பார்த்துச் சில ஆண்டுகள் ஓட்டினார். பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக இற்றுப்போகவே அதே கொல்லையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். புதிதாக ஃபைபர் படகு வாங்கலாம் என்றால், விற்பனைக்குக் கிடைப்பவை கடலுக்கென்று செய்த பெரிய படகுகள். அலையாத்திக் காட்டின் குறுகிய வாய்க்கால்களில் அவற்றைத் திருப்ப முடியாது. "இந்தத் தோணியோட நடை அப்படியே வேணும், மரம் மட்டும் வேணாம்" என்பது அவருடைய கோரிக்கை. நான் இயந்திரப் பட்டயப் படிப்பு முடித்தவன். பம்புசெட் உதிரிகளும் கதிரடிக்கும் இயந்திரத்தின் புல்லிகளும் வரைந்து பழகியவன். அவை எல்லாம் வட்டமும் நேர்கோடுமாகவே இருக்கும். ஒரு முனையில் கத்திபோல் ஒடுங்கி, நடுவில் தட்டையாக அகன்று, மறுமுனையில் பலகையாக முடியும் ஓர் உடலை அதற்குமுன் நான் வரைந்ததில்லை.

முதல் வேலை அளவெடுப்பது. தோணியை நிமிர்த்தி, செங்கல் அடுக்கி, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்தோம். அணியத்திலிருந்து (தோணியின் முன்முனை) பின்பலகை வரை நடுவில் ஒரு நைலான் நூலைக் கட்டி, அதில் 300 மி.மீ. இடைவெளிக்கு ஒன்றாக 13 இடங்களில் குறியிட்டேன். ஒவ்வொரு குறியிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, செங்குத்தாக நிறுத்திய ஓர் அலுமினியச் சட்டத்திலிருந்து தோணியின் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை 50 மி.மீ. உயரத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதினேன். இரண்டு பகல் ஆயிற்று. நாடாவின் கொக்கி தேய்ந்திருந்ததால் ஒவ்வோர் அளவிலும் இரண்டு மி.மீ. ஐயம் இருந்தது, அதைவிடப் பெரிய தொல்லை, இடப்பக்கத்து அளவும் வலப்பக்கத்து அளவும் ஓரிடத்தில் 22 மி.மீ. வேறுபட்டதுதான். தென்னை விழுந்த இடம் அது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அப்போது நினைத்தேன். உடைந்த பக்கத்தையும் உடையாத பக்கத்தையும் சராசரியாக்கினால் பாதி உடைந்த வடிவம்தான் கிடைக்கும் என்பது பிறகு தெரிந்தது.

லாஃப்ட் என்ற சொல்லுக்கு மச்சு என்று பொருள். கப்பல் கட்டும் தளங்களில் மேல்மாடியின் அகன்ற தரையில் கப்பலின் வரைகோடுகளை முழு அளவில் வரைவார்கள். அந்த மாடியின் பெயரே வேலைக்கும் ஆகிவந்தது. மெல்லிய, வளையும் மரச்சட்டம் ஒன்றைப் புள்ளிகளின் வழியே வளைத்து, ஈயக் கட்டிகளை மேலே வைத்து அழுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்லைன் என்று பெயர். கணினியில் நாம் இழுக்கும் ஸ்ப்லைனும் அதன் வாரிசுதான். வேலையைத் தொடங்கும்போது இதை நான் ஒரு சுவையான செய்தியாக மட்டுமே அறிந்திருந்தேன்.

கணினியில் என் முதல் முயற்சி, அளந்த 13 குறுக்குவெட்டுகளையும் அப்படியே 13 தளங்களில் வரைந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லாஃப்ட் கொடுத்தது. வந்த உருவம் முறுக்கிய துணிபோல் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சில குறுக்குவெட்டுகளை மூன்று வில்களாகவும், சிலவற்றை ஒரே ஸ்ப்லைனாகவும், பின்பக்கத்தில் இரண்டை நேர்கோடும் வில்லுமாகவும் வரைந்திருந்தேன்; சிலவற்றை அடியிலிருந்து மேலாகவும், மற்றவற்றை மேலிருந்து கீழாகவும் இழுத்திருந்தேன். லாஃப்ட் ஒவ்வொரு வெட்டின் துண்டுகளையும் அடுத்த வெட்டின் துண்டுகளோடு வரிசைப்படி இணைக்கப் பார்க்கிறது. துண்டுகளின் எண்ணிக்கையும் தொடங்கும் முனையும் ஒத்திருக்காவிட்டால் அடிப்பாகத்தை விளிம்போடு முடிச்சுப் போட்டுவிடும். இதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. லாஃப்டின் அமைப்பில் ‘ரூல்டு’ என்ற தேர்வை இயக்கினால், வெட்டுகளுக்கு இடையே வளைவில்லாமல் நேர்கோடுகளால் இணைத்துக் காட்டும். எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேர்ந்திருக்கிறது என்பது அப்போது ஓலைப் பின்னலைப் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரியும். சரிபார்த்த பிறகு அந்தத் தேர்வை அணைத்துவிட வேண்டும்.

எல்லா வெட்டுகளையும், அடியில் தொடங்கி விளிம்பில் முடியும் ஒற்றை பி-ஸ்ப்லைனாக, ஒவ்வொன்றுக்கும் வளைவை இழுத்துப் பிடிக்கும் ஆறே கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று வைத்து மறுபடி வரைந்தேன். முறுக்கு போயிற்று, மேற்பரப்பு முழுவதும் வயல் வரப்புபோல் மேடும் பள்ளமும் வந்தன. மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. 13 வெட்டுகளின் வழியாகவும் தப்பாமல் போ என்று நான் கட்டளையிட்டிருந்தேன். ஒவ்வொரு வெட்டிலும் என் நாடா செய்த இரண்டு மூன்று மி.மீ. பிழையையும் அது மதித்து, ஏறி இறங்கிக் கடந்தது. புள்ளிகளைக் கையால் நகர்த்தி ஒரு மேட்டை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. மூன்று வார இரவுகள் இதிலேயே போயின. கடைசியில் ஆறு வெட்டுகளை அழித்துவிட்டு ஏழை மட்டும் வைத்துக்கொண்டேன். திரையில் தோணி வழவழப்பாகத் தெரிந்தது. மாமாவும் பார்த்துத் தலையாட்டினார். நான் வெட்டுவதற்குக் கொடுத்துவிட்டேன்.

தஞ்சாவூரில் கதவுகளிலும் பூசையறைத் தடுப்புகளிலும் வேலைப்பாடு செய்துதரும் சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) கடை ஒன்றில், ஃபைபர் கட்டுவதற்கான அச்சின் 11 சட்டங்களை 12 மி.மீ. ப்ளைவுட்டில் வெட்டினோம். ஒரு பலகையில் நான்கு சட்டங்கள் அடங்கின. மூன்று பலகைகள் வாங்கினேன். இயந்திரம் படிக்கும் டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பாக மாற்றியபோது ஸ்ப்லைன்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைந்திருந்தன. 6 மி.மீ. வெட்டுமுனை ஒவ்வொரு குட்டிக் கோட்டிலும் தயங்கித் தயங்கிப் போனதால் முதல் சட்டத்தின் ஓரம் கருகிவிட்டது. கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி, 0.2 மி.மீ. விலகலை அனுமதித்துக் கோடுகளை வில்களாகச் சுருக்கித் தந்த பிறகு இயந்திரம் சீராக ஓடியது.

வீட்டுக் கொட்டகையில் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்தி முடித்த அன்று ஆசாரி வந்தார். வரைபடத்தையும் கணினியையும் அவர் பார்க்கவில்லை. மூங்கிலைப் பிளந்து சீவிய, பத்தடி நீளமும் விரல் தடிப்பும் உள்ள ஒரு பிளாச்சை எடுத்து, சட்டங்களின் மீது முன்னிருந்து பின்னாகக் கிடத்தி, இரண்டு முனைகளையும் லேசாக அழுத்தினார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் அதன் நீளவாட்டில் பார்த்தார். "தம்பி, நாலாவது சட்டம் முட்டுது, அஞ்சாவதுல விரல் போவுது" என்றார். நான் அளவுகோலை எடுத்து அளந்தேன். நான்காவது சட்டத்தில் பிளாச்சு தூக்கிக்கொண்டதால் ஐந்தாவதில் 7 மி.மீ. இடைவெளி. 3,600 மி.மீ. நீளத் தோணியைத் திரையின் அகலம் முழுக்கக் காட்டினால் 7 மி.மீ. என்பது நான்கு படப்புள்ளிகள்கூட இல்லை. என் கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்?

கோப்பைத் திறந்து பார்த்தபோது, நான் வைத்துக்கொண்ட ஏழு வெட்டுகளில் ஒன்று, தென்னை விழுந்த இடத்தில் சராசரி எடுத்த அதே வெட்டு என்பது தெரிந்தது. ஃப்ரீகேடில் தனியாகச் சேர்க்கும் ‘கர்வ்ஸ்’ பணிமேடையில் சீப்புக் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு வளைகோட்டின் மீது, எங்கே அதிகமாக வளைகிறதோ அங்கே நீளமாகவும், எங்கே குறைவாக வளைகிறதோ அங்கே குட்டையாகவும், சீப்புப் பற்கள்போல் கோடுகளை நிறுத்திக் காட்டும். நல்ல கோட்டில் பற்களின் நுனிகள் ஒரே சீராக ஏறி இறங்கும். என் கோட்டில், நான்காவது சட்டத்துக்கு அருகே பற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி மறுபடி திரும்பியிருந்தன; வெளிப்புறம் குவிய வேண்டிய கோடு அங்கே ஒரு சாண் தூரம் உட்புறம் குழிந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். வரிக்குதிரைக் கோடுகளை மேற்பரப்பில் பிரதிபலிக்கச் செய்யும் கருவியும் அதே இடத்தில் கோடுகளை நெளித்துக் காட்டியது. இரண்டு கருவிகளும் முதல் நாளிலிருந்தே என் கணினியில் இருந்தவை. ஆசாரி ஒரு நிமிடத்தில் சொன்னதை அவையும் சொல்லியிருக்கும், நான்தான் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்னொரு பழக்கமும் சேர்ந்தது: உருவத்தை நகலெடுத்து, நீளத்தை மட்டும் கால் பங்காக அமுக்கிப் பார்ப்பது. நீளவாட்டில் மறைந்து கிடக்கும் மேடுகள் அப்போது துருத்திக்கொண்டு தெரியும். ஆசாரி குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்ததும் நீளத்தை இப்படி அமுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் அளவு நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தே ஐந்து வெட்டுகளைக் கொண்டு தொடங்கினேன்: பின்பலகை, அதிலிருந்து கால்பங்கு, நடு, முக்கால்பங்கு, இவற்றோடு அணியத்துக்கு 250 மி.மீ. முன்னால் காற்றில் நிற்கும் ஒரு கற்பனை வெட்டு. மீதி அளவுகளைச் சாம்பல் நிறப் புள்ளிகளாகப் பின்னணியில் மட்டும் வைத்தேன். மேற்பரப்பு அவற்றை 5 மி.மீ. எல்லைக்குள் நெருங்கினால் போதும், தொட வேண்டியதில்லை. உடையாத வலப்பக்கத்து அளவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

கற்பனை வெட்டுக்குக் காரணம் உண்டு. முன்பு அணியத்தில் எல்லாவற்றையும் ஒரு கோட்டில் குவித்து முடித்திருந்தேன்; அந்தக் குவியலில் மேற்பரப்பு கசங்கியது. இந்த முறை மேற்பரப்பை அணியத்தில் நிறுத்தாமல், தோணியை இடம் வலமாகப் பிரிக்கும் நடுத்தளத்தைக் கடந்து மறுபக்கத்துக்குப் போகவிட்டு, பிறகு நடுத்தளத்தால் அறுத்துவிட்டேன். அறுத்த விளிம்புதான் அணியத்தின் கோடு. கற்பனை வெட்டை ஐந்து மி.மீ. நகர்த்தினால் அணியம் நிமிரும் அல்லது சாயும். மாமா பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்லச் சொல்ல நகர்த்தினேன். இதிலும் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. மற்ற நான்கு வெட்டுகளும் சரியாக நடுத்தளத்திலேயே தொடங்கின. கற்பனை வெட்டு மட்டும் தாண்டி நின்றது. இரண்டுக்கும் இடையே ஓடிய அடிக்கோடு சற்றே எதிர்ப்பக்கம் ஊசலாடியதால், இரு பாதிகளையும் சேர்த்தபோது ஏரா (அடிமுதுகெலும்பு) ஓட வேண்டிய இடத்தில் 3 மி.மீ. வாய் திறந்திருந்தது. எல்லா வெட்டுகளையுமே நடுத்தளத்துக்கு 60 மி.மீ. அப்பாலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்த பிறகு இடைவெளி மறைந்தது. பின்பக்கத்து மூன்று வெட்டுகளில் முதல் மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒரே மட்டத்தில் வைத்தேன். அப்படி வைத்தால்தான் பாதியைப் பிரதிபலித்து ஒட்டும்போது அடியில் மடிப்பு விழாது. முன்பக்கத்தில் மடிப்பு வேண்டும் என்பதால் அங்கே புள்ளிகளைச் சாயவிட்டேன்.

அடுத்தது பருமனைக் கழிப்பது. சட்டங்களின் மேல் 8 மி.மீ. மரக்கீற்றும், அதன் மேல் 5 மி.மீ. ஃபைபரும் வரும், ஆகவே சட்டம் 13 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு வெட்டையும் அதன் தளத்திலேயே 13 மி.மீ. உள்ளே தள்ளி வரைந்திருந்தேன். நடுவில் அது சரி. அணியத்தின் அருகே பக்கம் ஏறக்குறைய 35 பாகை சாய்ந்து ஓடுவதால், அதே பருமன் வெட்டுத் தளத்தில் கிட்டத்தட்ட 16 மி.மீ. இடம் பிடிக்கும். சரியான முறை, முழு மேற்பரப்பையும் 13 மி.மீ. உள்ளே நகர்த்திவிட்டு, பிறகு அதைத் தளங்களால் வெட்டுவது. ஏழு வெட்டு உருவத்தில் இந்த நகர்த்தும் கட்டளை ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருந்தது. ஐந்து வெட்டு உருவத்தில் முதல் முறையே வேலை செய்தது. மேற்பரப்பில் கசங்கல் இருந்தால் அந்தக் கட்டளை திணறும். இப்போது நான் அதையும் ஒரு சோதனையாகவே பயன்படுத்துகிறேன்.

புதிய உருவத்தோடு ஒப்பிட்டபோது பழைய சட்டங்களில் ஏழு 2 மி.மீ. அளவுக்குள் ஒத்துப்போயின, அரத்தால் சீவிச் சரிசெய்தோம். முன்பக்கத்து நான்கை மட்டும் புதிய பலகையில் மறுபடி வெட்டினோம். ஆசாரி மறுபடி பிளாச்சைக் கிடத்தினார். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தார்.

மலைவேம்பு மரத்தை 20 மி.மீ. அகலக் கீற்றுகளாக அறுத்து ஒட்டியது, பட்டி பூசித் தேய்த்தது, மெழுகு தடவியது எல்லாம் வழக்கமான வேலைதான். ஃபைபர் கட்டிய நாளில் மட்டும் ஒரு பாடம் கிடைத்தது. பிசினை இறுக வைக்க, காலையில் கலந்த அதே இரண்டு சதவீத ஹார்டனரைப் பிற்பகல் வெயிலிலும் கலந்தேன். தகரக் கொட்டகையின் கீழ் ஒரு வாளி பிசின் பன்னிரண்டு நிமிடத்தில் இறுகிச் சூடேறிப் புகைந்தது. பிறகு ஒரு சதவீதமாகக் குறைத்தோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைப்பாய் நான்கு அடுக்கு.

ஏற்றத்தோடு 300 கிலோ வரும் என்று கணக்கிட்டிருந்தேன்: உடல் 60, இரண்டு ஆள் 140, எஞ்சின் 20, வலையும் மீனும் 80. கணினியில் உருவத்தைக் கிடைமட்டமாக அறுத்து, அடித்துண்டின் கனஅளவு 300 லிட்டர் ஆகும்வரை மட்டத்தை உயர்த்தினால், தோணி அமிழும் ஆழம் கிடைத்துவிடும். 18 செ.மீ. வந்தது. துறையில் ஏற்றத்தோடு அளந்தபோது 19 செ.மீ. இருந்தது. ஒரு செ.மீ. அமிழ ஏறக்குறைய 24 கிலோ வேண்டும். தோணியைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் 84 கிலோ. வடிவத்தில் தவறில்லை, பிசினைத்தான் வாரி இறைத்திருக்கிறோம்: 23 கிலோ போதும் என்று கணக்கிட்ட இடத்தில் 33 கிலோ செலவாகியிருந்தது. மீதி எடை பின்பலகையைத் தடிப்பாக்கியதிலும் விளிம்புக்கட்டையிலும் போயிற்று.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ப்ளைவுட் ₹6,400; சி.என்.சி. கூலி ₹2,100, மலைவேம்புக் கீற்றுகள் ₹4,800, பிசின் ₹6,200, இழைப்பாய் ₹1,700, பட்டி, மெழுகு, ஹார்டனர், பெயின்ட் ₹3,500, ஆசாரிக்கும் ஃபைபர் கட்டியவர்களுக்கும் ₹11,600. ஆக ₹36,300. ஒரு வெட்டைச் சராசரியாக்கிய தவறுக்கு நான் கொடுத்த விலை, மறுபடி வாங்கிய பலகையும் வெட்டுக்கூலியுமாக ₹2,900. அதையும் சேர்த்தால் ₹39,200. மென்பொருளுக்குக் காசில்லை.

அடுத்த தோணிக்கு அளவெடுக்கும்போது 13 இடங்களில் அளக்கப் போவதில்லை. ஐந்து இடங்களில், புது நாடாவால், ஒவ்வொன்றையும் மூன்று முறை அளப்பேன். சட்டங்களை ப்ளைவுட்டில் வெட்டுவதற்குமுன், பத்தில் ஒரு பங்கு அளவில் கெட்டி அட்டையில் வெட்டி நிறுத்தி, தென்னை ஈர்க்கைக் கிடத்திப் பார்ப்பேன். இழைப்பாயையும் பிசினையும் அடுக்குக்கு அடுக்கு நிறுத்துக் கொடுப்பேன். வாளிக் கணக்கு உதவாது.

மாமாவுக்கு ஒரு குறை உண்டு. பழைய தோணியைவிட இது எளிதில் திரும்புகிறது, துடுப்பை எடுத்தவுடன் மூக்கு காற்றுக்கு ஓடுகிறது என்கிறார். பழையதில் ஏராப்பலகை அடியில் துருத்தி நின்றது. நான் வழவழப்பில் மயங்கிப் பின்பாதியைத் தட்டையாகவே விட்டுவிட்டேன். சென்ற வாரம் 40 மி.மீ. உயரமுள்ள ஒரு மரக்கட்டையை நடுவிலிருந்து பின்பலகை வரை அடியில் ஒட்டி, மேலே இரண்டடுக்கு ஃபைபர் கட்டியிருக்கிறோம். அது காய்ந்துகொண்டிருக்கிறது.